புண்ணாக்கு வாளி

இடப்பக்கமாக இருபது சுற்று முடித்து, வலப்பக்கமாகப் பதினோராவது சுற்றில் இருக்கும்போதுதான் மனைவி இறந்துபோனது அவருக்கு உறைத்தது. கட்டையை வாளிக்குள் அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நாளாக ஊறிய கடலைப் புண்ணாக்கு, பழுப்பு நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு வாளிக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. விடிய விடியக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு எழுந்து முகம் கழுவியதும், பழகிய கால்கள் அவரை வீட்டின் பின்பக்கத்து மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. கையும் தன் பங்குக்கு மூடியைத் திறந்து, கட்டையை எடுத்துக் கலக்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலைக்கு யோசனை எதற்கு? மிச்சமிருந்த ஒன்பது சுற்றையும் சுற்றி முடித்தார். பாதியில் விட்டால் அவளுக்குப் பிடிக்காது.

இந்த வேலை அவருக்கு வாய்த்ததே மூக்கினால்தான். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் முப்பது வருடம் தின்னரைச் சுவாசித்ததில், மூக்கு ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வாசனைப் பவுடரும் சாக்கடையும் ஒன்றுதான். மனைவி மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவள். மொட்டைமாடியில் தோட்டம் போட்ட பிறகு செடிகளையும் நோயாளிகளாகவே நடத்தினாள். எந்தச் செடிக்கு எந்த உரம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு தண்ணீரில் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இலை வெளுத்தால் ஒன்று, பூ உதிர்ந்தால் வேறொன்று. "கடைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரே மாத்திரையா குடுக்கறோம்?" என்று கேட்பாள்.

ஆரம்பத்தில் அவருக்கும் உரம் வைக்கிற பதவி இருந்தது. அவள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்த சமயம், திரும்பி வரும்போது செடிகள் கொழுகொழுவென்று நிற்கட்டுமே என்று ஆசைப்பட்டு, கடையில் வாங்கிய யூரியாவைத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அவள் வந்து பார்த்தபோது பதினாறு மிளகாய்ச் செடிகள் கருகிப்போய் நின்றன. அன்றோடு பதவி பறிபோனது. "இனிமே நீங்க கலக்குங்க, அது போதும். உங்க மூக்குக்கு ஏத்த வேலை" என்றாள். அதன் பிறகு அவள் உரத்துக்கு அளவு சொல்லும்போதெல்லாம் அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். காதில் வாங்கியதில்லை. அளவு அவள் இலாகா.

"அப்பா" என்று உள்ளேயிருந்து சின்ன மகள் கூப்பிட்டாள். "பெட்டிக்காரர் உங்களத் தேடறார். ஸ்விட்ச் போர்டு சூடாவுதாம், வேற எடத்துலேருந்து கரன்ட் எடுக்கணுமாம்."

கட்டையை வாளியின் குறுக்கே வைத்துவிட்டு உள்ளே போனார். மூடி சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. அதற்கு நேர் மேலேதான் கூடத்து ஜன்னல். நாலு பேர் வந்து போகிற இடம், காற்று வரட்டும் என்று சின்னவள் அதை விரியத் திறந்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு உள்பக்கம் பெட்டி. பெட்டிக்குள், ஜன்னல் பக்கம் தலைவைத்து, அவள்.

முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, "ஒரு அரைமணி நேரம் படுக்கறேன், நாலு மணிக்கு எழுப்புங்க" என்று சொல்லிப் படுத்தவள். நாலு மணிக்கு எழுப்பினார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பெரிய மகள் இருக்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் பத்து மணி நேரம். விடிகாலை ஆறு மணிக்குத்தான் அடுத்த வண்டி. "நாலு மணிக்கு வந்துடுவேன்ப்பா. நான் அம்மா முகத்தப் பாக்கணும். அதுவரைக்கும் எடுக்க விடாதீங்க" என்று போனில் அழுதாள். "நீ வர்ற வரைக்கும் அவள யாரும் அசைக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல" என்று வாக்குக் கொடுத்திருந்தார். உடலை ஐந்து மணிக்கு எடுப்பது என்று முடிவாகியிருந்தது.

எட்டு மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் பெட்டியின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடை முதலாளி வந்தார். பெட்டியின் தலைமாட்டில் போய் நின்ற மாத்திரத்தில் கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அடுத்த வீட்டு டீச்சர் முந்தானையால் மூக்கையும் வாயையும் அழுத்திக்கொண்டு திரும்பிப் போனார். பேப்பர் போடுகிறவர்கூட, தோளில் கிடந்த துண்டை முகத்தில் ஒற்றியபடி நாலு அடி தள்ளிப் போய் நின்றார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பேருக்கு இவள்மேல் இவ்வளவு பிரியமா? வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு நமக்குத் தெரியவில்லையே என்று வியந்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "அழாதீங்க, அவ நிம்மதியாத்தான் போனா" என்று தேற்றினார்.

ஒன்பதரை மணிக்கு அவருடைய அக்கா அவரை உள்ளறைக்கு வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அந்தக் குடும்பத்துக்கு அளக்கப்பட்ட மூக்கு மொத்தமும் அக்காவுக்கே போய்விட்டது. தெருமுனையில் வரும்போதே யார் வீட்டில் பால் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"தம்பி, பன்னண்டு மணிக்கெல்லாம் எடுத்துடலாம்."

"பெரியவ நாலு மணிக்குத்தானேக்கா வர்றா."

"தெரியும்."

"வரட்டும்னு சொல்லியிருக்கேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நீ வண்டிக்கு மட்டும் சொல்லிவிடு."

"இப்ப எதுக்குக்கா இந்த அவசரம்?"

அக்கா கதவைச் சாத்தினாள். அவர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள். "உனக்குத் தெரிய நியாயமில்லடா. வாசனை வருது."

"என்ன வாசனை?"

அக்கா கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்தது. கைக்குட்டைகளும் முந்தானையும் துண்டும் புரிந்தன. காலையிலிருந்து ஒவ்வொருவர் கையாகப் பிடித்துத் தேற்றியதை நினைத்து உடம்பு கூசியது.

கூடத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு குளியல் போடுகிறவள். மண்ணில் கைவைத்தால் மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் தம்ளரைத் தொடுவாள். அவளைச் சுற்றி ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. 'அப்படியெல்லாம் இல்லை' என்று ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லவேண்டியவர் அவர்தான். அதைச் சொல்வதற்கு வேண்டிய ஒரே சாமானை அவர் பட்டறையில் தொலைத்துவிட்டு வந்திருந்தார். ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. தன் மூக்கின் மேல் அவருக்கு இத்தனை வருடத்தில் வராத கோபம் அன்றைக்கு வந்தது.

பெட்டிக்காரர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் தணிந்த குரலில் கேட்டார். "பெட்டி சரியா வேலை செய்யுதுங்களா?"

"அய்யா, நீங்களே பாருங்க. நாலு டிகிரில நிக்குது." பெட்டிக்காரரின் முகம் வாடியிருந்தது. "பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் பெட்டிய இதுவரைக்கும் ஒருத்தர் ஒரு சொல்லு சொன்னதில்ல. காலையிலேருந்து ஆளாளுக்கு என்னயே பாக்கறாங்க."

"அப்ப வாசனை ஒண்ணும் வரல?"

பெட்டிக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வருதுங்க" என்றார். "எப்படின்னுதான் எனக்குப் புரியல."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அக்கா சொல்வதுதான் சரி என்று பட்டது. இவளை இந்தக் கோலத்தில் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தால், எழுந்து கேட்க முடியாது என்பதற்காக நாமே அவமானப்படுத்துவது போல ஆகிவிடும். ஆனால் பெரியவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். வந்து காலி நாற்காலிகளைத்தான் பார்ப்பாள். இரண்டு பேரில் யாருக்கு நியாயம் செய்வது என்று தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். அக்கா சொல்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

முதல் மணியிலேயே எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"எங்கம்மா வந்துட்டிருக்க?"

"பாதி தூரம் இன்னும் தாண்டலப்பா. நீங்க ஏதாவது சாப்ட்டீங்களா?"

"அது... அம்மாவ பன்னண்டு மணிக்கு எடுத்துடலாம்னு அத்தை சொல்றாங்க."

"ஏன்?"

பெற்ற மகளிடம் அவள் அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வது. "வாசனை வருதாம், எல்லாரும் சொல்றாங்கம்மா. எனக்குத்தான் தெரியலயே. நான் என்ன பண்ணட்டும்."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "எந்த மாதிரி வாசனைப்பா?" என்றாள்.

"என்னயப் போய்க் கேக்கறியே."

"இல்லப்பா. போன வியாழக்கிழமை அம்மாவும் நானும் ஒரே நாள்லதான் புண்ணாக்கு ஊறப் போட்டோம். அவங்க மாடிக்கு, நான் என் பால்கனிக்கு. இன்னிக்கு அஞ்சாம் நாள். காலையில அதக் கலக்குனீங்களா?"

"கலக்கினேன்."

"மூடினீங்களா?"

சுவரில் சாய்ந்து கிடக்கும் மூடி கண்ணுக்கு முன்னால் வந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். அறுபத்தேழு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பேப்பர்காரர் பார்த்தார். வாளியில் நுரை பொங்கி, விளிம்பு தாண்டித் தரையெல்லாம் வழிந்திருந்தது. ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல் கூடத்து ஜன்னல்.

"அக்கா" என்று கத்தினார். "இங்க வாயேன்."

அக்கா வந்தாள். மாடிப்படிக்கு நாலு அடி முன்னாலேயே நின்றுவிட்டாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "இதுதான்" என்றாள். "படுபாவி, இதுதாண்டா." முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் அழத்தான் அழுதாள். தம்பி மனைவி இறந்த சேதி கேட்டதிலிருந்து காரியங்களைப் பார்த்துக்கொண்டு கல்லாக நின்றவள், ஒரு வாளிக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். "அவளப் போய் நெனச்சேனே, நான் அவளப் போய் நெனச்சேனே."

சத்தம் கேட்டுச் சின்னவளும் பெட்டிக்காரரும் வந்துவிட்டார்கள். பெட்டிக்காரர் வாளியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம் வந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மூடி போட்டால் மட்டும் தீராது. பொங்கியது பொங்கியதுதான். சாக்கடையில் கொட்டச் சொன்னாள் அக்கா. சாக்கடை முன்வாசல் வழியாகத்தான் போகிறது என்றாள் சின்னவள். "கொட்டாதீங்க" என்றது போன். பெரியவள் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். "அம்மா அஞ்சு நாள் ஊற வச்சது. மாடிக்குக் கொண்டுபோங்க. நான் சொல்றேன்."

பெட்டிக்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மாடியில் பச்சை வலைக்குக் கீழே தொட்டிகள் வரிசை வரிசையாக இருந்தன. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இலைகள் தொய்ந்து கிடந்தன. போனைச் சுவர்மேல் வைத்து ஒலியைக் கூட்டினாள் சின்னவள்.

"மொதல்ல வெறும் தண்ணி ஊத்துங்க. காஞ்ச வேருக்கு நேரா இத ஊத்தினா சுட்டுடும்" என்றது போன்.

ஊற்றினார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்தாள்.

"ஒரு மக்கு புண்ணாக்குத் தண்ணிக்குப் பத்து மக்கு நல்ல தண்ணி. அப்பா அளக்க வேணாம். சின்னவ அளக்கட்டும்."

"ஏன், நான் அளந்தா என்ன?"

"மிளகாச் செடிய நான் மறக்கலப்பா."

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். அளந்து ஊற்றும் வேலை அவளுக்கும், கலக்கும் வேலை வழக்கம்போல அவருக்கும் என்று ஆனது. கீரைக்கு ஊற்றினார்கள். கத்திரி நாற்றுக்கு ஊற்றினார்கள். வெளுத்துப்போயிருந்த முருங்கைக் கன்றுக்கு ஒரு மக்கு கூடவே ஊற்றச் சொன்னாள் பெரியவள். தக்காளிக்கு வந்ததும், "அதுக்கு வேணாம்" என்றாள்.

"அது மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு? எல்லாத்துக்கும் குடுத்துட்டு அத விட்டா மூஞ்சியப் பாத்துட்டு நிக்காதா?"

"பூத்திருக்காப்பா?"

குனிந்து பார்த்தார். மஞ்சளாக ஏழெட்டுப் பூ இருந்தது. "பூத்திருக்கு."

"பூ விட்ட செடிக்கு இத ஊத்தினா எல்லாம் இலையாப் போயிடும், காய் பிடிக்காது. டப்பாவுல சாம்பல் இருக்கும், அதுல ஒரு ஸ்பூன் வேரச் சுத்தித் தூவுங்க. அம்மா இதெல்லாம் உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"நூறு தடவ சொல்லியிருக்கா" என்றார் அவர். சாம்பல் டப்பாவைத் தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார். நூறு தடவையில் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது. கேட்பதற்கு அவள் இருந்தாள், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கீழே வந்து மாடிப்படிக்கு அடியில் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். மின்விசிறியை முழுவேகத்தில் வைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அக்கா கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் முகர்ந்து பார்த்துவிட்டு, "பொண்ணு வர்றா. வந்து பாத்த பிறகுதான் எடுக்கறது. நடுவுல யாரும் அவசரப்படுத்தக் கூடாது" என்று, ஏதோ வேறு யாரோ அவசரப்படுத்தியது போல அதட்டலாக அறிவித்தாள். பெட்டிக்காரர் வருகிறவர்களை எல்லாம் தலைமாட்டுக்கே அழைத்துப் போய் நிறுத்தினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. இரண்டு மணிக்கு வந்த ஒரு அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அழுகையா, வேறு ஏதாவதா? கேட்க முடியாது. அக்காவைக் கேட்டால் குற்ற உணர்ச்சியில் இல்லை என்றுதான் சொல்வாள். சின்னவள் அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று சொல்வாள். பெட்டிக்காரருக்குப் பெட்டியின் மானம். அவர் கால்மாட்டில் கிடந்த தன் நாற்காலியை இழுத்துத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாலே கால் மணிக்குப் பெரியவள் வந்தாள். தோள்பையோடு நேராகக் கூடத்துக்குள் நுழைந்தாள். வழிவிட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள். பெட்டிக்காரர் கண்ணாடி மூடியை இரண்டு கையாலும் தூக்கி, தன் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் மண்டியிட்டு அம்மாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். ஜில்லென்றுதான் இருந்திருக்கும்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வாசனை ஏதாவது வருதாம்மா? எனக்கு நீ உள்ளதச் சொல்லு" என்றார்.

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து, அம்மாவின் கழுத்தோரம் முகத்தைப் பதித்து, நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"வருதுப்பா" என்றாள். அவர் கை பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்தது. "சோப்பு வாசனை. அம்மாவோட சோப்பு. வேற ஒண்ணுமே இல்ல."

நேற்று சின்னவள்தான் அம்மாவைக் குளிப்பாட்டினாள், அந்தச் சோப்பு போட்டு. அவருடைய மூக்கு போனதற்குப் பிறகு மனைவி மாற்றிய சோப்பு அது. குளியலறையில் எத்தனையோ கட்டி கரைந்துபோனதைப் பார்த்திருக்கிறார். பச்சை நிறம் என்று மட்டும் தெரியும்.

"எப்படிம்மா இருக்கும்?"

"எலுமிச்சம்பழத் தோல உரிக்கும்போது வருமே, அது மாதிரிப்பா. லேசா."

"லேசாவா?"

"ம்."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் குனிந்து, மகள் முகம் வைத்திருந்த அதே இடத்தில் தன் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மூச்சை உள்ளே இழுத்தார். பெட்டிக்காரர் மூடியை மறு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.